தசையின் களைப்பும் ஓய்வின் கணக்கும்

1907ஆம் ஆண்டில், பிளெட்சர் என்னும் ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட இரண்டு வைத்தியர்கள், உலகின் இரு வேறு கோடிகளில் இருந்துகொண்டு, தத்தம் பரிசோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் வால்ட்டர் பிளெட்சர் என்பவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பிரெடரிக் ஹாப்கின்ஸ் என்னும் இரசாயன அறிஞரோடு கூடி, தவளையின் காலிலிருந்து எடுத்த தசையை மீண்டும் மீண்டும் சுருங்கச் செய்து, அது களைத்துப் போகப் போக அதனுள் லாக்டிக் அமிலம் திரளுகிறதென்றும், களைத்த அதே தசையைப் பிராணவாயு நிறைந்த கலத்தில் விட்டுவைத்தால் அமிலம் படிப்படியாக மறைந்து தசை தன் வலிமையைத் திரும்பப் பெறுகிறதென்றும் காட்டினார். மற்றவரான வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூரின் மனநோயாளர் விடுதியில், நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பச்சரிசிச் சோறும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசிச் சோறும் ஓராண்டு முழுவதும் அளித்து, கால்கள் கனத்து நடை தளர்ந்து இருதயம் ஓய்ந்து மனிதரைக் கொல்லும் பெரிபெரி என்னும் வியாதி பச்சரிசியுண்டவர்களையே பற்றுகிறதென்று நிரூபித்தார். தவளைத் தசைக்கும் அரிசிச் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காலத்தில் எவரும் கேட்டிருக்கக்கூடும். ஆனால் தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது, எவ்விடத்தில் அது தடைப்படுகிறது, எதனால் மீளுகிறது என்னும் ஒரே வினாவின் இரு முனைகளையே அவ்விருவரும் பற்றியிருந்தனர் என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. 1929இல் வைட்டமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பெரிபெரியை ஜாவாவில் ஆராய்ந்த எய்க்மனோடு அதைப் பகிர்ந்துகொண்டவர், தவளைத் தசையை ஆராய்ந்த அதே ஹாப்கின்ஸ்தான்.

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழரின் முன்னோர், அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிச் சூளைகளில் செங்கல் சுமந்தும், இருப்புப்பாதைக்குக் கட்டை போட்டும், 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியும், ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியும், தங்கள் தசைகளின் உழைப்பையே மூலதனமாகக் கொண்டு இந்நாட்டில் காலூன்றியவர்கள். உழைத்த ஒருவன் சற்றே உட்கார்ந்தால் அதைச் சோம்பல் என்று கருதி அதட்டுவது கங்காணிக் காலத்தின் பொது வழக்கம். தசைகள் ஏன் அயர்கின்றன, எவ்வளவு காலத்தில் தேறுகின்றன என்பதைப் பற்றி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாஸ்திரம் திரட்டியுள்ள அறிவை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கருத்து எவ்வளவு ஆழமான அறியாமையிலிருந்து பிறந்தது என்பது விளங்குகிறது. களைப்பு என்று நாம் ஒன்றாக எண்ணுவது உண்மையில் பல காரணங்களின் கூட்டு. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான மீட்சிக் காலம் உண்டு. ஒன்று அரை நிமிஷத்தில் பாதி தீர்ந்துவிடும், மற்றொன்று மூன்று நாளானாலும் தீராது. ஆகையால் ஓய்வும் ஒன்றல்ல, பலவாகும். இரவு உறக்கம் எவ்வளவு அவசியமோ, வேலையின் நடுவே கிடைக்கும் சில நிமிஷங்களும் அவ்வளவு அவசியமானவை.

தசை சுருங்கும் விதத்தைச் சுருக்கமாகக் கூறிவிட்டு மேலே செல்வோம். முதுகெலும்பின் நரம்பணுவிலிருந்து வரும் மின்துடிப்பு தசை நாரின் மேற்பரப்பில் பரவி உள்ளே இறங்கும். அதனால் நாருக்குள் பைகளில் அடைபட்டிருக்கும் கால்ஷியம் வெளிப்படும். கால்ஷியம் வெளிப்பட்டதும் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும். இழுப்பதற்கான சக்தியை ஏ.டி.பி. என்னும் பாஸ்பரஸ் கூட்டுப்பொருள் தரும்; வேலை முடிந்ததும் கால்ஷியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றுவதற்கும் அதே ஏ.டி.பி.தான் செலவாகும். இந்த ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னையோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பதை நம்மவர் பலர் அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1923இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயோடு சேர்ந்து, 1927இல் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருள் இருப்பதையும், ஈராண்டுகளுக்குப் பின் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்துக் காட்டினார். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். தசைக் களைப்பைப் பற்றிய இன்றைய அறிவு முழுவதும் இவர்கள் போட்ட அஸ்திவாரத்தின்மீதே எழுந்துள்ளது என்றால் அது மிகையாகாது.

தசையில் எந்த வேளையிலும் இருப்பிலுள்ள ஏ.டி.பி. முழுவேகத்தில் உழைப்பதற்கு இரண்டு மூன்று வினாடிகளுக்குத்தான் போதும். அது தீர்ந்துவிடாதபடி உடனுக்குடன் நிரப்புவது பாஸ்போகிரியாட்டின். அதுவும் பத்து வினாடிக் கடும் முயற்சியில் பெரும்பகுதி கரைந்துவிடும். இதை மனத்திற் கொண்டு, 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாக்டர் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடியதை எண்ணிப் பாருங்கள். வைத்தியமும் ஓட்டமும் ஒருங்கே வாய்த்த அந்த வீரரின் சாதனை, மலேசியாவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்காலம், 2017 வரையில், எவராலும் கடக்கப்படாமல் நின்றது. அத்தகைய ஓட்டத்தின் முற்பாதியைப் பாஸ்போகிரியாட்டின் பெரிதும் தாங்குகிறது. பிற்பாதியில் அது வற்றிவரவே, சர்க்கரையைப் பிராணவாயுவின்றி உடைக்கும் வழியையே தசை பெரிதும் நம்பவேண்டியதாகிறது. கடைசி ஐம்பது மீட்டரில் எந்த ஓட்டக்காரனும் வேகத்தைக் கூட்டுவதில்லை, குறைவாக இழப்பவனே முன்னால் வருகிறான் என்று பயிற்சியாளர் சொல்வதன் பொருள் இதுவே.

செலவான பாஸ்போகிரியாட்டின் திரும்பச் சேர்வது வியக்கத்தக்க வேகத்தில் நிகழ்கிறது. ஓட்டம் நின்ற அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷத்துக்குள் பாதியளவும், மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்குள் கிட்டத்தட்ட முழுமையும் சேர்ந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அத்தசைக்கு ரத்தம் பாய வேண்டும். களைத்த காலுக்கு மேலே பட்டையிட்டு இறுக்கி ரத்தத்தைத் தடுத்து வைத்தால், எத்தனை நிமிஷம் சும்மா கிடத்தினாலும் பாஸ்போகிரியாட்டின் மீள்வதில்லை என்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே அசையாதிருப்பது மட்டுமே ஓய்வாகிவிடாது. ரத்தம் தடையின்றி ஓடும் அசைவின்மையே ஓய்வு. செங்கற்களைத் தலையிலேற்றி இரு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பாருங்கள்: அவன் நகரவில்லை, ஆயினும் விறைத்து நிற்கும் தோளின் தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே அழுத்திக்கொள்கிறது. முழு வலிமையில் பாதியளவுக்குமேல் ஒரு தசை இறுகி நிற்குமானால், அதற்குள் ரத்த ஓட்டம் பெரும்பாலும் நின்றே போகும். அப்படி இறுக்கிப் பிடித்ததை ஒரு நிமிஷ அளவுக்குமேல் தாங்குவதே அரிது. நின்ற இடத்தில் சுமை தாங்குபவனைக் கண்டு, சும்மா நிற்கிறான் என்று சொல்வதைப் போன்ற அநீதி வேறில்லை.

லாக்டிக் அமிலத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. கேம்பிரிட்ஜ் முடிவுகளுக்குப் பின், ஏ. வி. ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோப்பும் தசையின் வெப்பத்தையும் அமிலத்தையும் அளந்து 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றதும், தசையைச் சுருங்கச் செய்வதே இந்த அமிலந்தான் என்றும், களைக்கச் செய்வதும் அதுதான் என்றும் அறிவுலகம் நம்பியது. 1930இல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், ஒரு நச்சுப்பொருளைக் கொடுத்து லாக்டிக் அமிலம் உண்டாவதையே தடுத்துவிட்ட தசையும் சில காலம் சுருங்குகிறதென்று காட்டி, அந்த நம்பிக்கையின் முற்பாதியைத் தகர்த்தார். பிற்பாதி மட்டும் இன்றளவும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் உயிரோடிருக்கிறது. உண்மையில், உழைக்கும் தசையிலிருந்து லாக்டேட் என்னும் வடிவில் வெளியேறும் இவ்வமிலத்தை இருதயமும் மற்றத் தசைநார்களும் எரிபொருளாகவே ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியதைக் கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்கி விடுகிறது. கடுமையான ஓட்டத்துக்குப்பின் ரத்தத்தில் பெருகியது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். படுத்துவிடாமல் மெதுவாக நடந்தால் இன்னும் விரைவில் வந்துவிடும். கடும் முயற்சியில் தசையில் அமிலத்தன்மை கூடுவது உண்மையே. ஆனால் நம் தேகத்தின் இயல்பான வெப்பநிலையில் அதனால் தசையின் பலம் குன்றுவது, குளிர்ந்த தவளைத் தசையில் கண்ட அளவைவிட மிகக் குறைவென்று 1990களின் ஆய்வுகள் காட்டின. எந்த அளவுக்கு அது குற்றவாளி என்பதில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் இன்னும் நீடிக்கிறது. இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அது காரணமன்று என்பதில் மட்டும் பேதமேயில்லை.

அமிலத்தின் இடத்தில் இன்று முதன்மையாக வைத்துப் பேசப்படுவது, பாஸ்போகிரியாட்டின் உடையும்போது கழன்றுவரும் பாஸ்பேட். அது பெருகப் பெருக, புரத இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் பிடி தளர்கிறது. மேலும் அது கால்ஷியப் பைகளுக்குள் நுழைந்து அங்கே கால்ஷியத்தோடு கூடிப் படிந்துவிடுவதால், அடுத்த துடிப்பு வரும்போது வெளிப்படவேண்டிய கால்ஷியம் குறைந்துபோகிறது. துடிப்புக்குத் துடிப்பு பொட்டாசியம் நாரின் வெளியே கசிந்து திரள்வதால் மின்துடிப்பே மங்கிப்போவதும் உண்டு. இவையெல்லாம் சில நிமிஷங்களில் சீராகக்கூடியவை. ஆனால் கால்ஷியம் வெளிப்படும் வாயிலே பழுதுபட்டுவிட்டால், மீட்சி பல மணி நேரமாகும், சில வேளை ஒரு நாளைக்குமேலும் ஆகும். அந்நிலையில் முழுமுயற்சியோடு ஒருமுறை தூக்கினால் பலம் குறைந்ததாகத் தோன்றாது, மென்மையாகத் தொடர்ந்து செய்யும் சாதாரண வேலையிலேதான் கை தளரும். தையல், எழுத்து, கத்திப்பிடி முதலிய நுண்தொழில் செய்பவர்கள் காலையில் எழுந்ததும் கை இன்னும் தேறவில்லை என்று முறையிடும்போது, பலத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பலத்தை அளக்கும் சோதனை அந்தக் களைப்பை அளப்பதில்லை.

இவ்வளவும் தசைக்குள் நிகழ்வன. மனத்துக்கும் மூளைக்கும் இதிற் பங்கில்லையா என்று கேட்டவர், இத்தாலியின் தூரின் நகரத்து ஆஞ்செலோ மோஸோ. நடுவிரலில் கயிற்றைக் கட்டி ஒரு பளுவைத் தாளகதியில் திரும்பத் திரும்ப இழுக்கவைத்து, ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் புகைக்கரி பூசிய தாளில் கோடாகப் பதியும் கருவியொன்றை அவர் அமைத்தார். 1891இல் களைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மாணவர்களுக்குப் பரீட்சை நடத்தி ஓய்ந்த ஆசிரியரின் விரலும் விரைவில் சோர்ந்துவிடுவதை அவர் பதிவு செய்தார். 1954இல் இங்கிலாந்தின் மெர்ட்டன், களைத்த கட்டைவிரல் தசையின் நரம்பை மின்சாரத்தால் தூண்டியும் மேலதிகமாக எந்தப் பலமும் தோன்றாததைக் கண்டு, களைப்பு முழுவதும் தசையிலேயே இருக்கிறது என்று முடிவு செய்தார். பிற்காலத்தில் மூளையையே காந்தத்தால் தூண்டிப் பார்த்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், களைப்பின்போது மூளையிலிருந்து இறங்கும் கட்டளையும் குறைகிறதென்று கண்டனர். மன அயர்வுற்றவன் ஒரே ஒரு முறை தன் முழுப் பலத்தையும் காட்டக் கூடும். நெடுநேரம் தாக்குப்பிடிப்பதற்குத்தான் அவனால் இயலாது. இரவுமுறை வேலை முடித்துவிட்டு, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் சிக்கி வீடு சேர்கிறவர், மாடிப்படியேற மலைப்பதற்கு அவருடைய தொடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மோஸோவின் ஆய்வுக்கூடத்தில் மாஜியோரா என்னும் வைத்தியர் கண்டதொன்றே இந்தக் கட்டுரைக்கு ஆணிவேராகும். விரல் தசை முப்பது இழுப்பில் முற்றிலும் ஓய்ந்துபோகுமானால், அது முழுமையாகத் தேற இரண்டு மணி நேரம் வேண்டும். அதில் பாதியாகிய பதினைந்தோடு நிறுத்திவிட்டால், தேறுவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றுதானே எவரும் கணக்கிடுவர்? அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது. கடைசிப் பதினைந்து இழுப்புகள் செய்யும் வேலையைவிட விளைவிக்கும் கேடு அதிகம் என்பது இதனால் பெறப்படும். ஓய்ந்து விழும்வரை உழைத்துப் பிறகு நெடுநேரம் கிடப்பதைவிட, ஓயுமுன்னரே அடிக்கடி சற்று நிறுத்துவது, அதே நாளில் அதிக வேலையையும் குறைந்த துன்பத்தையும் தரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண் தொழிலாளரின் வேலை நேரத்தைக் குறைக்க வாதாடியவர்கள் இந்த விரலின் கணக்கைச் சான்றாகக் கொண்டு பேசியதில் வியப்பில்லை.

ஆய்வுக்கூடத்தில் கண்ட அக்கணக்கு ரப்பர்க் காட்டில் தானாகவே அமைந்திருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு மரநிரையில் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளி, மரத்தருகே சென்று, பழைய கோட்டில் உறைந்து கிடக்கும் பாலை விரலால் உரித்து எறிந்து, மங்கு என்னும் பால் கோப்பையைத் துடைத்துக் கவ்வியில் வைத்து, உளியை இரு கையாலும் பிடித்து, காயம்படாத ஆழத்தில் பட்டையை மெல்லிய சீவலாக இழுத்துக்கொண்டே மரத்தைப் பாதி சுற்றுவார். மணிக்கட்டும் முன்கையும் இறுகி நிற்பது ஒரு மரத்துக்கு அரை நிமிஷத்துக்குமேல் இராது. அடுத்த மரத்துக்கு நடக்கும் சில அடிகளில் கால் உழைக்க, கை தொங்கியபடி ரத்தம் பெற்று ஆறும். முந்நூறு நானூறு மரம் வெட்டி முடித்ததும், பால் சொட்டி நிற்கும்வரை காத்திருக்கும் வேளையில் கட்டிவந்த சோற்றைத் தின்று உட்காருவார். அதன்பின்னரே காண்டா வாளியில் பால் சுமக்கும் பளுவேலை தொடங்கும். மரத்தின் இயல்பு விதித்த அந்தக் காத்திருப்பைத் தொழிலாளிக்கு முதலாளி அளித்த சலுகையாகக் கருதியவர்கள் உண்டு. அந்த இடைவேளை இல்லாதிருந்தால், காலை வெட்டிய கை மதியம் வாளி சுமந்திருக்காது.

இதற்கு நேர்மாறானது, 1960களுக்குப்பின் ரப்பரை அகற்றிவிட்டு வந்த செம்பனை வேலை. நெடிய கழியின் நுனியில் பூட்டிய அரிவாளைத் தலைக்குமேல் உயர்த்தி, ஓலைகளுக்கிடையே குறிபார்த்துக் குலையின் காம்பை அறுக்கும்வரை, கழுத்து பின்னுக்கு மடங்கியும் இரு கைகளும் மேலே நின்றும் இருக்க வேண்டும். இருதயத்துக்குமேல் உயர்ந்த கைக்கு ரத்தம் ஏறுவதே குறைவு. அதிலும் இறுக்கிப் பிடித்த கைக்கு ரத்தம் எங்கே செல்லும்? பத்து முதல் இருபது கிலோ வரை கனக்கும் குலை விழுந்ததும் அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் போடவேண்டும். கேரித்தீவிலும் கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களிலும் இன்று இவ்வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தோள் அதே தோள்தான்.

நெடுநேர உழைப்பில் வேறொரு தட்டுப்பாடு தலைகாட்டும். தசைகளில் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்துள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 400, 500 கிராம். கல்லீரலில் சுமார் 100 கிராம். 1960களில் ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் தடித்த ஊசியால் தொடைத் தசையில் சிறு துணுக்கை எடுத்து அளந்து, கிளைகோஜன் தீருவதும் கால் ஓய்வதும் ஒருங்கே நிகழ்வதைக் காட்டினர். 1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில், 50 கிலோமீட்டர் நடையில் நான்கு மணி நேரத்துக்குமேல் நடந்து தங்கம் வென்ற ஜி. சரவணன், அந்தச் சேமிப்பைச் சிக்கனமாகச் செலவிடும் கலையில் வல்லவராயிருந்தாலன்றி அந்த வெற்றியைப் பெற்றிருக்க முடியாது. தீர்ந்த கிளைகோஜன் நிறைய, சோறோ ரொட்டியோ போதிய அளவு உண்டாலும் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். பட்டினியால் அது நிறைவதேயில்லை.

சரவணன் நடந்த அந்த வெப்பத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். தசை செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்குமேல் வேலையாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வியர்வை உலர்ந்துதான் வெளியேற்ற வேண்டும். ஈரக்காற்று நிறைந்த நம் பள்ளத்தாக்கிலோ வியர்வை உலராமல் சொட்டிப்போகிறது. தோலைக் குளிர்விக்கவும் தசைக்கு ஊட்டவும் ஒரே ரத்தம் இரு பக்கமும் இழுபடுகிறது. உள்ளுடல் வெப்பம் 40 பாகையை நெருங்கினால், கிளைகோஜன் மிச்சமிருக்கும்போதே மனிதன் நின்றுவிடுகிறான். இத்தகைய சூட்டுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும் என்பதை, புதிதாக வேலைக்கு வருவோரை முதல் நாளே வெயிலில் நிறுத்துபவர்கள் நினைவில் வைப்பதில்லை.

இப்போது கோலாலம்பூரின் சோற்றுப் பரிசோதனைக்கு வருவோம். ஏனெனில் ஓய்வெடுத்தும் தீராத களைப்பு எப்படிப்பட்டது என்பதை அதைப் போல விளக்குவது வேறில்லை. ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மாண்டுகொண்டிருந்த காலத்தில், அதே மண்ணில் அவர்களைப் போலவே உழைத்த தமிழருக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் வைத்தியர், தமிழர் உண்பது புழுங்கலரிசி, சீனர் உண்பது தீட்டிய பச்சரிசி என்னும் வேறுபாட்டைச் சுட்டினார். வில்லியம் பிளெட்சர் அதை நம்பவில்லை. பொய்யென்று காட்டும் நோக்கத்தோடுதான் சோதனையில் இறங்கினார் என்பர். நோயாளிகளை வரிசைப்படுத்தி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பக்கத்துக் கட்டடத்திலும் இரட்டைப்படை எண்ணினரை மறு பக்கத்திலும் வைத்தார். நோய்க்குக் கட்டடம் காரணமாக இருக்குமோ என்று ஐயுற்று, நடுவே இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். பச்சரிசியுண்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவரை நோய் பற்றியது, பலர் இறந்தனர். புழுங்கலரிசிக் கூட்டத்தில் அது தலைகாட்டவேயில்லை எனலாம். 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேஸரும் ஸ்டான்டனும், சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர் முந்நூறு பேரிடையே இதை மீண்டும் சோதித்து உறுதிப்படுத்தினர்.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, உமிக்கடியிலுள்ள தவிட்டின் தயமின் என்னும் வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; அப்பால் எவ்வளவு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. சர்க்கரை பாதி உடைந்து பைருவேட் ஆனதும், அதைப் பிராணவாயுவால் எரியும் அடுப்புக்குள் செலுத்தும் வாயிற்காவலனுக்கு அந்தத் தயமின் இன்றியமையாதது. அது இல்லாதபோது, பிராணவாயு நிறைந்திருந்தும் தசை அதைப் பயன்படுத்த இயலாமல், பைருவேட்டும் லாக்டேட்டும் தேங்கும், நரம்புகளும் நலியும். கெண்டைக்கால் தொட்டால் வலிக்கும்; குந்தி உட்கார்ந்தவன் கையூன்றாமல் எழ முடியாது; அக்காலத்து வைத்தியர் நோயறியச் செய்வித்த சோதனையும் அந்தக் குந்தி எழுதலே. எத்தனை நாள் படுத்தாலும் அவன் தேறமாட்டான். ஓய்வு என்பது தசைக்குப் பழுதுபார்க்கும் நேரத்தைத்தான் தரும்; பழுதுபார்க்கும் பொருளைச் சோறுதான் தரவேண்டும். திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் நம் பாட்டிமார் எதற்கென்று அறியாமலே நெல்லை அவித்த அந்த வழக்கம், கடல் கடந்து வந்த பேரர்களின் கால்களைக் காத்தது என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

நாட்கணக்கில் நீடிக்கும் மற்றொரு களைப்பைக் காணவேண்டுமானால், தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் சென்று வந்தவர்களை இரண்டு நாள் கழித்து விசாரிக்கலாம். ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரம் வெள்ளி ரதத்தைத் தொடர்ந்து நடந்து, 272 படியேறித் தரிசனம் செய்து திரும்பியவர், அன்றிரவு நன்றாகவே உறங்குவார். மறுநாள் காலையும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. மறுநாள் மாலையிலிருந்து, குறிப்பாக மூன்றாம் நாள், நாற்காலியில் உட்காரும்போது தொடையின் முன்புறம் அலறும். ஏறியதால் வந்த வலி என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இருதயம் துடிக்கிறது. ஆனால் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போதோ, ஒவ்வொரு படியிலும் முழங்கால் மடிய மடிய, உடற்பாரம் முழுவதையும் தாங்கித் தடுப்பதற்காகத் தொடைத் தசை இறுகிக்கொண்டே நீட்டப்படுகிறது. அவ்வாறு இழுபடுகையில் சில இழைத் துண்டுகள் அளவுக்குமீறி நீண்டு குலைந்துவிடும். அவற்றைச் சுற்றி வீக்கமும், பழுதை அகற்ற வரும் வெள்ளணுக்களின் கூட்டமும் தோன்ற ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். மூச்சு வாங்காத இறக்கமே வலியின் விதை. 1902இல் தியோடோர் ஹஃப் என்னும் அமெரிக்கர், வேலை முடிந்ததும் தோன்றும் வலி வேறு, மறுநாள் தோன்றும் வலி வேறு, பின்னது தசையினுள் நேர்ந்த கிழிவால் வருவது என்று கூறியதைப் பிற்கால நுண்ணோக்கிகள் பெரிதும் உறுதி செய்தன. இதிலே ஒரு நற்செய்தியும் உண்டு: ஒருமுறை இப்படி இழுபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவு துன்புறுவதில்லை. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டு மாடிப்படியிலாவது சிலமுறை இறங்கிப் பழகுவது, முதல்முறையாகக் காவடி எடுப்போருக்கு மிகுந்த பயன் தரும்.

அந்த வலிக்குப் பிரிக்பீல்ட்ஸ் ஒரு மருந்து வைத்திருக்கிறது. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இப்பகுதியிலேயே இயங்குவதாலும், பார்வையற்றோர் பலர் இங்கே குடியிருப்பதாலும், அவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கண்ணால் காணாத தசையை அவர்கள் கட்டைவிரலால் படிக்கிறார்கள்: கெண்டைக்காலின் பின்புறம் மேலிருந்து கீழாக விரல் நகர்ந்துவரும், ஓரிடத்தில் நிற்கும், வாடிக்கையாளர் வாய்திறக்குமுன்பே இங்கேதானே என்று கேட்பார்கள். லாக்டிக் அமிலத்தைப் பிசைந்து வெளியேற்றுவதாகச் சொல்லப்படும் விளக்கம் பிழை. அந்த அமிலம் வாடிக்கையாளர் நிலையத்துக்கு வருமுன்பே போய்விட்டது. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், களைத்த தொடையில் ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு இரண்டிலும் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, லாக்டேட்டிலும் கிளைகோஜனிலும் வேறுபாடில்லை. ஆனால் பிடித்துவிட்ட தசையில் அழற்சியைத் தூண்டும் சைகைகள் அடங்கியிருந்தன. விளக்கம் பிழையாக இருந்தாலும் கைகள் பிழைசெய்யவில்லை என்க. குளிர்நீரில் மூழ்கி வலியைத் தணிக்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. அது வலியைத் தணிப்பது மெய்யே, ஆனால் பலத்தை வளர்க்கப் பயிற்சி செய்வோர் ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்தால் தசை வளர்வதும் தணிந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பழுதைத் தொடர்ந்து நடக்கும் அந்த வீக்கமே புதுப்பிப்பின் தொடக்கமாதலால், அதை முற்றிலும் அடக்கிவிடுவது நல்லதன்று.

இந்த அறிவெல்லாம் தொழிலாளிக்கு எந்த அளவில் எட்டியிருக்கிறது என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வையும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்குவதானால் இடையில் அரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவேளையையும் விதித்துள்ளது; வாரத்துக்கு 48 மணி என்றிருந்த உச்சவரம்பு 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. வார ஓய்வு கிளைகோஜனுக்கும் கிழிந்த இழைகளுக்கும் ஏற்றது. அரை மணி இடைவேளை உணவுக்கும் லாக்டேட்டுக்கும் ஏற்றது. அரை மணிக்குக் குறைந்த எந்த நிறுத்தத்தையும் இடைவேளையாகக் கொள்ளக்கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஓய்வைத் துண்டு துண்டாக்கி முதலாளிகள் ஏய்த்துவிடாதபடி காக்கவே அந்த வாசகம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், நோக்கம் நல்லதே. ஆயினும், தசையின் மிக விரைவான, மிகப் பலன்தரும் மீட்சி மூன்று முதல் ஐந்து நிமிஷங்களுக்குள் நிகழ்வது. அந்த நிமிஷங்களைச் சட்டம் எங்கும் பாதுகாக்கவில்லை, மேற்பார்வையாளரின் தயவுக்கு விட்டுவிட்டது. தலைக்குமேல் கழி பிடிக்கும் செம்பனைத் தொழிலாளிக்கும், கட்டுமானத் தளத்தில் பலகையைத் தாங்கி நிற்பவருக்கும், அரை மணி இடைவேளையைச் சிறிதும் குறைக்காமல், ஒவ்வொரு மணியிலும் கையைக் கீழே தொங்கவிட்டு நிழலில் நிற்கும் ஐந்து நிமிஷத்தைச் சம்பளத்தோடு கூடிய வேலைநேரமாகவே எழுதிவைக்க வேண்டும். வெயிலுக்குப் புதியவருக்கு முதல் இரண்டு வாரம் அது பத்து நிமிஷமாக இருக்கலாம்.